முதலில் வேலையைப் பார்ப்போம், பிறகு பயிற்சியைத் தேடுவோம்
(தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வந்ததும் நமது தோட்டங்களில் இரண்டு விதமான வீடுகளைக் காண்கிறோம். ஒரு வீட்டில் பிள்ளை உயர்தரத்துக்குப் போக ஆயத்தமாகிறது. மற்ற வீட்டில், "கணக்குப் பாடம் போயிருச்சு, இனி என்ன செய்யுறது?" என்ற கேள்வி. இந்தப் பாடம் அந்த இரண்டாவது வீட்டுக்காக எழுதப்படுகிறது.

அந்த வீட்டில் யோசிக்க அதிக நாள் கிடைப்பதில்லை. பொடியன் என்றால் கொழும்பில் ஏதோ ஒரு கடை. பெண் பிள்ளை என்றால் யாரோ ஒருவர் வீட்டு வேலை. இல்லாவிட்டால் பஸ் நிலையத்தில் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம் வீட்டுக்கு வரும். "மூன்றே மாதத்தில் கம்ப்யூட்டர் டிப்ளோமா, வேலை நிச்சயம்" என்று அதில் அச்சடித்திருக்கும். அம்மா காதுத் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோவார். மூன்று மாதம் கழித்துப் பிள்ளையின் கையில் பளபளப்பான ஒரு சான்றிதழ் இருக்கும். அதை எங்கே காட்டினாலும், "இது எந்த இடத்துச் சான்றிதழ்?" என்று கேட்பார்கள். தோடும் போய்விட்டது, மூன்று மாதமும் போய்விட்டது, வேலையும் இல்லை.

பயிற்சி கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வேலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து அந்த வேலைக்கு என்ன பயிற்சி என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, அந்தப் பயிற்சியின் சான்றிதழை நாடு ஏற்றுக்கொள்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். நம்மவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

1. தொழில்நுட்பம் என்றால் கம்ப்யூட்டர் மட்டுமா?

"டெக்னாலஜி படிக்கணும்" என்று பிள்ளை சொன்னால் நமக்கு உடனே கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வருகிறது. கம்ப்யூட்டர் நல்லதுதான். ஆனால் மோட்டருக்குக் கம்பி சுற்றுவதும் தொழில்நுட்பம். குளிரூட்டிக்கு வாயு நிரப்புவதும், படகு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதும், கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதும், கைபேசியைத் திருத்துவதும் தொழில்நுட்பம்தான்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலத்தில் திலோனியா என்று ஒரு கிராமம். அங்கே 1972ஆம் ஆண்டு பங்கர் ராய் என்பவர் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை, பாட்டிமாரைக்கூட, சேர்த்துக்கொண்டு சூரிய மின்சார வேலை பழக்கும் இடம் அது. பயிற்சி சுமார் ஆறு மாதம். புத்தகத்துக்குப் பதிலாக நிறங்களையும் படங்களையும் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து பழகி, தங்கள் ஊருக்குத் திரும்பி விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். எழுத்து தெரியாத பாட்டி பழகக்கூடிய வேலையைப் பதினோராம் வகுப்பு வரை படித்த நம் பிள்ளையால் பழக முடியாதா?

2. சிலாபத்தைச் சுற்றி என்ன வேலை இருக்கிறது?

கொழும்பைப் பார்ப்பதற்கு முன்னால் நம் கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார்ப்போம். நாம் இருப்பது தென்னை முக்கோணத்தில். குருநாகல், கொழும்பு, சிலாபம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தென்னையைப் பற்றி ஆராய்வதற்கென்று 1929ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட நிறுவனம் நமக்குப் பக்கத்தில் லுணுவிலையில் இருக்கிறது.

தேங்காய்த் துருவல் ஆலைக்குள் ஒரு நாள் நின்று பாருங்கள். சிரட்டை உடைப்பவரும் தோல் சீவுகிற பெண்களும் நமக்குத் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? கழுவிய தேங்காய் இயந்திரத்தில் அரைபடுகிறது, நீராவிச் சூட்டில் காய்கிறது, சலிக்கப்பட்டுப் பொதியாகிறது. பாய்லரைப் பார்ப்பவர் ஒருவர், மோட்டரைப் பார்ப்பவர் ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், தரம் பரிசோதிப்பவர் ஒருவர், ஏற்றுமதிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் பதிபவர் ஒருவர். இந்த ஐந்து வேலைக்கும் ஆள் தேவை. தும்பு ஆலையிலும் சிரட்டைக் கரி தயாரிக்கும் இடத்திலும் இப்படித்தான்.

கடற்கரைப் பக்கம் போனால் படகுகளின் வெளி இயந்திரங்களைத் திருத்த ஆள் வேண்டும். ஐஸ் ஆலைக்கும் மீன் குளிர் அறைக்கும் குளிரூட்டி வேலை தெரிந்தவர் வேண்டும். இறால் பண்ணைகளில் தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும் சக்கரங்களும் நீர்ப் பம்புகளும் ஓடுகின்றன. அவை நின்றுபோனால் இறால் செத்துவிடும். அதனால் மோட்டர் திருத்துகிறவரை நடு இரவிலும் தேடி வருவார்கள். 2016இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அந்த வேலையும் ஊருக்குள் வந்திருக்கிறது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் வந்து நம் மாவட்டத்து இறால் பண்ணைகள் பலத்த நட்டம் அடைந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறாலை மட்டும் நம்பியிருந்தவர் வேலையை இழந்தார். மோட்டர் வேலை தெரிந்தவரோ அதே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கோ கராஜுக்கோ போக முடிந்தது. தென்னங்காணிகள் துண்டு துண்டாக விலைப்படுவதையும் இன்று பார்க்கிறோம். ஆகவே ஓர் இடத்துக்கு மட்டும் உதவும் வேலையைவிட, பல இடங்களுக்கு உதவும் தொழிலைப் பழகுவது புத்தி.

3. சான்றிதழில் ஏழு படிகள்

இலங்கையில் தேசிய தொழிற் தகைமை என்று ஒரு முறை இருக்கிறது. என்.வி.கியூ. என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். 2004ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இந்த முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. ஓர் ஏணியைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் மட்டம் தொழிலுக்குள் நுழைகிறவருக்கு. இரண்டாம், மூன்றாம் மட்டங்களில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்யும் திறமை வருகிறது. நான்காம் மட்டம் வந்தவர் தானே பொறுப்பெடுத்து முழு வேலையையும் செய்யக்கூடியவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டம். 2008இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குப் போக முடியும். "பரீட்சையில போயிட்டான், கதை முடிஞ்சிருச்சு" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பாடசாலையிலேயே தொடரவும் ஒரு வழி உண்டு. 2017ஆம் ஆண்டு தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரம் சித்தியடையாத மாணவரும் பன்னிரண்டாம் வகுப்பில் தொழிற்பாடங்களைப் படிக்கலாம். எல்லாப் பாடசாலைகளிலும் இது இல்லை. அதிபரிடம் கேட்டால் எந்தப் பாடசாலையில் உண்டு என்று சொல்வார்.

4. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

இந்தப் பகுதியை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். எந்த வகுப்பில் சேர்வதானாலும் இந்த ஐந்தையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் கேள்வி: இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த ஆணைக்குழு இது. தொழிற்பயிற்சி நிறுவனங்கள், அரசாங்கத்துடையதோ தனியாருடையதோ, இங்கே பதிய வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது: இந்தப் பயிற்சிநெறி தரச் சான்று பெற்றதா? கவனியுங்கள், இது வேறு கேள்வி. நிறுவனம் பதிவாகியிருக்கலாம், ஆனால் நீங்கள் சேரப்போகும் வகுப்பு என்.வி.கியூ. தராத வகுப்பாக இருக்கலாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது: முடித்தால் எந்த மட்டத்துச் சான்றிதழ்? மூன்றா, நான்கா?

நான்காவது: கையால் வேலை பழக எத்தனை மணி நேரம்? பத்துப் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர், இருபது பிள்ளைக்கு ஒரு மோட்டர் என்றால் அங்கே பார்க்கத்தான் பழகலாம். செய்யப் பழக முடியாது. முடிந்தால் வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாவது: போன வருஷம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரோடு பேசக் கிடைக்குமா? நல்ல நிறுவனம் இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்லும். பதில் சொல்லாமல் மழுப்பினால் பணத்தைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

வெளிநாட்டு வேலையோடு சேர்த்துப் பயிற்சி என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் தேவை. அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம்.

5. எங்கே போய்க் கேட்பது?

சிலாபம் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தொழில் வழிகாட்டலுக்கும் மனிதவள அபிவிருத்திக்கும் பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று கேளுங்கள். எந்த நிலையத்தில் எந்த வகுப்பு, எப்போது விண்ணப்பம் என்பதை அங்கே சொல்வார்கள். அரசாங்க சேவை எதைப் பற்றியும் 1919 என்ற இலக்கத்தில் தமிழில் விசாரிக்கலாம்.

தொழிற்பயிற்சி அதிகார சபை 1995ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அதன் பயிற்சி நிலையங்கள் நாடு முழுவதும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகள் வேறொரு திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. இரண்டிலும் கட்டணம், தங்குமிடம், உதவிப்பணம் பற்றிச் சேரும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கஷ்டம் அதிகம், பிள்ளை சும்மா இருந்து படிக்க வசதியில்லை என்றால் நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையைக் கேளுங்கள். 1971இல் பயிலுனர் சட்டத்தோடு தொடங்கிய முறை இது. பிள்ளை ஒரு வேலைத்தலத்தில் பயிலுனராகச் சேர்ந்து, அங்கேயே வேலை பழகிச் சான்றிதழுக்குத் தயாராகலாம்.

படகு இயந்திரம், கடல் தொழில் என்று விருப்பம் உள்ளவர்கள் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நீர்கொழும்பு நிலையத்தில் விசாரிக்கலாம். சிலாபத்திலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வரக்கூடிய தூரம்.

கம்ப்யூட்டரில் அடிப்படை பழக வேண்டுமென்றால் எடுத்ததும் பணம் கட்ட வேண்டியதில்லை. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் 2005ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் அறிவகங்களைத் திறந்தது. சிங்களத்தில் நெணசல என்பார்கள். கோயில், பன்சலை, நூலகம் போன்ற இடங்களில் ஏழைப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகட்டும் என்று செய்த ஏற்பாடு. 2014இல் இத்திட்டத்துக்கு உலக அளவில் கேட்ஸ் அறக்கட்டளையின் பரிசு கிடைத்தது. உங்கள் பகுதியில் இப்போதும் இயங்குகிற அறிவகம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பொது நூலகத்திலும் கேளுங்கள்.

6. கையில் தொழில் உண்டு, காகிதம் இல்லை

நம் தோட்டங்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எட்டு வருஷமாக கராஜில் வேலை செய்கிற அண்ணன், ஆலையில் மோட்டரெல்லாம் பார்க்கிற மாமா. வேலையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டால் தலை குனிவார்கள். சம்பளத்திலும் கையாள் சம்பளம்தான் கிடைக்கும்.

இவர்கள் திரும்ப வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. முன்பு பழகிய தொழிலை அங்கீகரிக்கும் முறை ஒன்று என்.வி.கியூ.வில் உண்டு. ஆர்.பி.எல். என்று கேட்டால் தெரியும். நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பிக்கலாம். எங்கே, எத்தனை வருஷம், என்ன வேலை செய்தீர்கள் என்பதற்கு முதலாளியின் கடிதம், செய்த வேலையின் படங்கள் போன்றவற்றை ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர்கள் முன்னால் வேலையைச் செய்து காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேறினால் வகுப்பில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான். ஆகவே இன்றிலிருந்தே வேலைக் கடிதங்களையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

7. வழியில் மறிக்கும் மூன்று கற்கள்

முதலாவது பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், பெயர் பிழையாக எழுதப்பட்டு, எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்ப நாளைத் தவறவிடுகிறார்கள். குடியுரிமைக்காக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நம் மக்களில் பலர் காத்திருந்ததை நாம் அறிவோம். அந்தக் கஷ்டம் தீர்ந்த பிறகும் காகிதம் இல்லாமல் பிள்ளை பின்தங்குவது நியாயமா? அடையாள அட்டையைப் பதினைந்து வயதிலேயே எடுத்துவிடலாம். கிராம உத்தியோகத்தரைப் பார்த்து நேரத்தோடு செய்யுங்கள்.

இரண்டாவது மொழி. நம் பகுதி நிலையங்களில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடத்துவார்கள். தமிழ் வகுப்பு உண்டா, மதிப்பீட்டைத் தமிழில் கேட்கலாமா என்று முதலிலேயே விசாரியுங்கள். அதே நேரம், சிலாபத்துப் பிள்ளைக்குச் சிங்களப் பேச்சு கைவந்தது. அது பெரிய முதல். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தட்டச்சு செய்யத் தெரிந்தவரை அலுவலகங்கள் தேடுகின்றன. சிங்களம் பேசத் தெரிந்த நம் பிள்ளை தமிழ்த் தட்டச்சை ஒழுங்காகப் பழகி, ஆங்கிலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டால் போட்டியில் முன்னுக்கு நிற்கலாம்.

மூன்றாவது நமது மனது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மோட்டர் வேலை?" என்று கேட்பது நாம்தான். தையலும் அலங்காரமும் நல்ல தொழில்களே. அவற்றை விரும்புகிற பிள்ளை படிக்கட்டும். கைபேசி திருத்துவதையோ, மின்னணு வேலையையோ, தரப் பரிசோதனையையோ விரும்புகிற பிள்ளையை மறிக்க வேண்டாம். பஸ் நேரம், தங்குமிடத்துப் பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது. அதற்கு வழி, ஒரே தோட்டத்திலிருந்து மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவது.

பிள்ளைக்கு இன்னும் வயது வரவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பதினாறு வயதுவரை பாடசாலை கட்டாயம். 2021ஆம் ஆண்டு முதல் பதினாறுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்துவதும் சட்டத்துக்கு விரோதம்.

கடைசியாக ஒரு வார்த்தை

பயிற்சி முடிந்த மறுநாளே பெரிய சம்பளம் வரும் என்று நாம் சொல்ல மாட்டோம். முதல் ஒரு வருஷம் குறைந்த சம்பளம், அதிக வேலை, மேஸ்திரியின் ஏச்சு எல்லாம் இருக்கும். அந்த ஒரு வருஷத்தைத் தாண்டினால் தொழில் கைக்கு வரும். வீட்டில் ஒருவருக்குத் தொழில் வந்தால் தம்பி தங்கைக்கு வழி தெரியும். பெற்றோர் செய்ய வேண்டியது, அந்த ஒரு வருஷம் "இன்னும் காசு அனுப்பலியே" என்று பிள்ளையை நெருக்காமல் இருப்பது.

கூடிப் பேசுவதற்கு

(மாதர் சங்கத்திலும் இளைஞர் கூட்டத்திலும் வாசித்துப் பேசுங்கள்.)

1. நம் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் உள்ள வேலைத்தலங்கள் எவை? ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன தொழில் தெரிந்தவர் தேவை?

2. நம் தோட்டத்தில் கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் யார் யார்? அவர்களைச் சேர்த்து ஆர்.பி.எல். பற்றி விசாரிக்க யார் போவது?

3. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? அடுத்த மாதத்துக்குள் அதில் எத்தனையைத் தீர்க்கலாம்?

4. பயிற்சிக்குப் போய் இடையில் நின்றுவிட்ட பிள்ளை இருந்தால், ஏசாமல் கேளுங்கள்: நின்றதற்குக் காரணம் பஸ் காசா, மொழியா, சாப்பாடா, பயமா? காரணம் தெரிந்தால் அடுத்த பிள்ளைக்கு அதைத் தீர்த்து வைக்கலாம்.